மணலில் இருந்தவரின் கல்வெட்டு

யாழ்ப்பாணத்தான் செத்தால் முப்பத்தோராம் நாள் புத்தகமாகிவிடுவான். அந்தப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லும் கிடையாது, வெட்டும் கிடையாது. வழுவழுப்பான அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு, கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. அன்றைய அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் ஒருவர் எழுந்து நின்று அதை வாசிப்பார். கேட்பவர்களில் பாதிப் பேரின் மூக்கு அந்த நேரம் சமையலறைப் பக்கம்தான் இருக்கும். ஆனாலும் புத்தகத்தை ஒருவரும் எறிய மாட்டார்கள். கலியாணம் பேசுகிறவர்கள் சாதகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். யார் வீட்டில் யார் பெண் எடுத்தார், யார் வயிற்றில் யார் பிறந்தார் எல்லாம் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கும்.

மொன்றியலில் இந்தப் புத்தகங்களை எழுதிவந்தவர் நகுலேஸ்வரன் மாஸ்டர். ஊரில் தமிழ் படிப்பித்தவர். இங்கே கோட்-டெ-நெய்ஜில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடை ஒன்றில் பாலும் பாணும் சிகரெட்டும் விற்றார். 1996 மாசி மாதம் வரை அவர் எழுதி முடித்த கல்வெட்டுகள் அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று பேரும் 'செந்நெல்லும் செங்கரும்பும் சூழ்ந்த' ஊரில் பிறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கரும்பு எங்கே விளைந்தது என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. பேரையும் ஊரையும் மாற்றினால் காணும், மிச்சம் தானாக வந்துவிடும். தன் எழுத்து நடையைப் பற்றி மாஸ்டருக்கு நிறையப் பெருமை உண்டு. அதே நடைதான் எல்லாருக்கும் என்பதில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அறுபத்து நாலாவதற்கு ஆள் சொல்லி டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து இரவிச்சந்திரன் கூப்பிட்டார். பாலங்கள் கட்டுகிற எஞ்சினியர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர்.

"அண்ணை மோசம் போயிட்டார் மாஸ்டர். தியாகலிங்கம். வனவளத் திணைக்களத்திலை இருந்தவர் எண்டு போடுங்கோ. பிள்ளையள் இல்லை. அண்ணி உங்கடை பக்கந்தான் இருக்கிறா, முறைக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கோ."

மாஸ்டர் முறைக்குத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கையில் பன்னிரண்டு கேள்வி எழுதிய கொப்பி. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. இறந்தவரின் மனைவி செல்வமலர் தேத்தண்ணீர் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்து முழங்கால் வீங்கியிருந்தது.

"அவர் படிச்ச பள்ளிக்கூடம்?"

"அஞ்சாம் வகுப்பு மட்டும். எந்தப் பள்ளிக்கூடம் எண்டு எனக்குத் தெரியாது."

"வகிச்ச பதவியள்? கோயில் தர்மகர்த்தா, சனசமூக நிலையத் தலைவர், அப்பிடி ஏதாவது?"

"அங்கை கோயிலே இல்லை மாஸ்டர். கனகாலம் சனமும் இல்லை."

"திணைக்களத்திலை என்ன உத்தியோகம்?"

செல்வமலர் வீங்கிய முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டார். "அவர் ஒரு திணைக்களத்திலையும் இருக்கேல்லை. மணலிலை இருந்தவர்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பாலைவனம் இருக்கிறது என்று சொன்னால் யாழ்ப்பாணத்தாரே சிரிப்பார்கள். ஆனால் வடமராட்சிக் கிழக்கில் கடலோரமாக மணற்கும்பிகள் மைல் கணக்கில் கிடக்கின்றன. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கும்பிகள் இடம் பெயரும். நேற்று மேடாக இருந்தது நாளைக்குப் பள்ளமாகும். 1955இல், தகப்பன் செத்து, சித்தப்பன்மார் வீட்டை வழக்கில் பறித்துக்கொண்ட பிறகு, இருபது வயதுத் தியாகலிங்கம் அங்கே போய்ச் சேர்ந்தான். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "அந்த மணலுக்கு வழக்குப் பேச ஒருத்தனும் வரமாட்டான்" என்றானாம்.

போனவன் முதலில் குடிசை போடவில்லை. ஒரு முழத்துக்கு ஒரு கோடு வெட்டிய தடிகளை அங்கங்கே நட்டு, எந்தக் கும்பி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று இரண்டு மாதம் பார்த்தான். பிறகுதான் குடிசை. அப்படிப் பார்த்துப் போட்ட குடிசையையும் மணல் மூன்று முறை மூடியது. மூடப்போகிறது என்று தெரிந்தால் முதலில் கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொள்வான். கூரைக்குக் கிடுகு எங்கேயும் கிடைக்கும், நல்ல கதவு கிடைக்காது.

"முதல் வந்தது அடம்பன் கொடி மாஸ்டர். அதை நாங்கள் வெட்டேல்லை, ஆட்டுக்கும் விடேல்லை. அது படர்ந்து மணலைப் பிடிச்சு வைச்சிருக்கும். அதுக்குள்ளை சவுக்கங்கண்டு. சோளகப் பக்கமா ஒவ்வொரு கண்டுக்கும் ஒரு பனையோலை மறைப்பு. நூறு நட்டால் ஏழு எட்டுத் தப்பும். திரும்பவும் நடுவார். கோபிக்க மாட்டார்."

மாஸ்டரின் பேனா நின்று போயிருந்தது. பன்னிரண்டு கேள்வியில் ஒன்றுக்கும் இது விடையில்லை.

செல்வமலர் பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்பில் பிறந்தவர். தகப்பன் சூசைப்பிள்ளை வலை வளைக்கிறவர், தாய் யோசெப்பின். தியாகலிங்கம் முயல் கொண்டுபோய்க் கொடுத்து மீன் வாங்குவான். மணலைப் பார்த்தே இன்ன முயல், இன்ன நேரம், சினையா இல்லையா என்று சொல்லுவான். சினை முயலைத் தொடமாட்டான். பத்தொன்பது வயதில் செல்வமலர் அவனோடு மணலுக்குப் போனபோது இரண்டு பக்கத்துச் சொந்தமும் தலைமுழுகிவிட்டது. யோசெப்பின் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் தலையில் கடகத்தோடு மணலில் நடந்து வருவாள். கருவாடும் அரிசியும் வைத்துவிட்டு, உட்காராமல் திரும்பிப் போவாள்.

"தண்ணிதான் கரைச்சல். கும்பி அடியிலை கைமுழத்துக்குத் தோண்டினால் நல்ல தண்ணி ஊறும். ஆவணியிலை அதுவும் உவர்க்கும். அப்ப ரெண்டு மைல் நடந்து ஒரு குடம். அந்தக் குடத்தை அவர் மூண்டு பங்கு வைப்பார். மூண்டும் ஒரே அளவாய் இருக்கவேணும், ஒரு துளி கூடக்குறைய விடமாட்டார். கண்டுகளுக்குக் கை கழுவின தண்ணி, முகம் கழுவின தண்ணி."

"மூண்டு பங்கோ? பிள்ளையள் இல்லை எண்டு தம்பியார் சொன்னாரே?"

செல்வமலர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார். "தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் அங்கே ஒரு சவுக்கங்காடு நின்றது. காற்று அடங்கியது. பறவை வந்தது, பிறகு ஒவ்வொன்றாகக் குடும்பங்கள் வந்தன. வந்தவர்களுக்குத் தியாகலிங்கம் எங்கே தோண்டலாம், எங்கே அடுப்பு வைக்கக்கூடாது என்று காட்டிக் கொடுத்தார். தொண்ணூறில் சண்டை அந்தக் காட்டையும் கொண்டுபோனது. தம்பி கூப்பிட்டு இரண்டு பேரும் மொன்றியலுக்கு வந்தார்கள்.

"இஞ்சை வந்து குளிருக்குப் பயந்தவரோ?"

செல்வமலர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பனிக்காலம் வந்தால் தியாகலிங்கத்தை வீட்டில் பிடித்து வைக்க முடியாதாம். காற்று பனியைக் குவிக்கிற விதத்தைப் பார்த்து, கட்டடத்துக்குப் பின்னால் தடி நட்டுக் கோடு போட்டிருக்கிறார். பராமரிப்பாளன் பிரெஞ்சில் கத்த, இவர் மெர்சி மெர்சி என்று சொல்லிவிட்டு அடுத்த தடியை நட்டிருக்கிறார். எந்தக் கார் நாளைக்கு மூடுப்படும் என்று முதல் நாளே சொல்லுவாராம். பக்கத்து மலைக்குப் போய்ப் பனியில் முயல் தடம் தேடுவாராம்.

மாஸ்டர் எழும்பும்போது செல்வமலர் கதவடியில் வந்து நின்றார்.

"மாஸ்டர், எங்களுக்குப் பின்னாலை சொல்ல ஆளில்லை. அவர் மணலிலை இருந்ததை எழுதுங்கோ. கடைசிப் பக்கத்திலை என்ர அப்பு அம்மான்ர பேரும் வருந்தானே? நாப்பது வருசமா அவையின்ர பேர் எங்கடை பேரோடை ஒரு இடத்திலையும் எழுதுப்படேல்லை."

"ஏன் வராது? வரும்" என்றார் மாஸ்டர். வாத்தியார் வாக்குக் கொடுக்கும்போது யோசிப்பதில்லை.

அந்தக் கிழமை டெப்பனர் கல்லாவுக்குப் பின்னால் இருந்து அவர் எழுதினார். செந்நெல்லும் வரவில்லை, செங்கரும்பும் வரவில்லை. 'மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில்' என்று தொடங்கினார். வாடிக்கையாளர் பொன்ஜூர் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. இருபது வருடமாகத் தன்னை எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுசனுக்கு அந்தக் கிழமைதான் எழுதுவது எப்படியிருக்கும் என்று தெரிந்தது. எழுதியதை வியாழக்கிழமை இரவிச்சந்திரனுக்கு ஃபாக்ஸ் பண்ணினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரவிச்சந்திரன் கடைக்கே வந்துவிட்டார். மேல்கோட்டில் ஈரம், கையில் ஃபாக்ஸ் தாள், அதில் முக்கால்வாசி சிவப்புக் கோடு.

"மாஸ்டர், உங்களை நான் என்ன எழுதச் சொன்னனான்? முயல் பிடிச்சது, கருவாடு வாங்கினது எல்லாம் கல்வெட்டோ?"

"நடந்ததைத்தான் எழுதினனான்."

"மகள் தாட்சாயினிக்குக் கலியாணம் பேசுறம். ஒட்டாவாப் பகுதி. மாப்பிள்ளையின்ர தகப்பன் அந்தியேட்டிக்கு வாறார். அவர் வாறது சோறு தின்னவோ? கடைசிப் பக்கம் பார்க்கத்தான் வாறார். அதிலை சூசைப்பிள்ளை, யோசெப்பின் எண்டு பெட்டி போட்டு வைச்சிருக்கிறியள். என்ர பிள்ளையின்ர வாழ்க்கை, மாஸ்டர்."

அந்த மனுசன் கெட்டவர் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைக்கிற எல்லாரையும் போலப் பயந்தவர். மாஸ்டருக்கு அது விளங்கியது, விளங்கியதால் கோபம் இன்னும் கூடியது.

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்கடை அண்ணை ஒரு குடம் தண்ணியை மூண்டு பங்கு வைச்சவராம். மூண்டாவது ஆர்?"

இரவிச்சந்திரனின் முகம் சுருங்கிவிட்டது. தாளை மடித்துக் கல்லாவில் வைத்தார். "சிவப்புக் கோடு போட்டதெல்லாத்தையும் எடுத்துப்போட்டு அச்சுக்குக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் கடையை உதவிக்கு நிற்கிற சின்னப் பெடியனிடம்கூட விடாமல் பூட்டிவிட்டு நேரே செல்வமலரிடம் போனார். நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி சொல்லுறபடி போடுங்கோ மாஸ்டர்."

"உங்கடை அம்மான்ர பேர்?"

"பிள்ளை நல்லாயிருக்கட்டும். அவ செத்தவ, கோவிக்க மாட்டா."

"மூண்டாவது பங்கு தம்பியாருக்கோ?"

அப்போதுதான் செல்வமலர் சொன்னார். தகப்பன் சாகும்போது இரவிக்கு ஆறு வயது. அண்ணன் தோளில் வைத்துத்தான் மணலுக்குக் கொண்டுபோனான். செல்வமலர் போனபோது அவனுக்கு எட்டு வயது. சுடுமணலில் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் தூக்கிக்கொண்டு போவது அண்ணன், குளிப்பாட்டிச் சோறு தீத்துவது அண்ணி. பரீட்சை பாஸ் பண்ணிக் கொழும்புக்குப் போகும்வரை பத்து வருடத்துக்கு மேல் அந்தக் குடிசைதான் அவர் வீடு. இங்கே எல்லாருக்கும் விடுதியில் நின்று படித்ததாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

"அதை வரலாற்றிலை எழுதிப்போடாதேங்கோ மாஸ்டர். அவனுக்கு வெக்கம். சின்னனிலை பள்ளிக்கூடத்திலை அவனை மணலான் மணலான் எண்டு கூப்பிட்டு அடிப்பாங்கள். அழுதழுது வருவான். அவன் பாவம்."

வரலாற்றில் எழுதுவதில்லை என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். சிவப்புக் கோடு போட்டதெல்லாம் போயிற்று. தியாகலிங்கம் செந்நெல்லும் செங்கரும்பும் சூழ்ந்த ஊரில் பிறந்து, வனவளத் திணைக்களத்தில் பணிபுரிந்து, பாரியார் செல்வமலருடன் இனிது வாழ்ந்தார். செல்வமலருக்கு மேலே இருந்த பெட்டிகள் இரண்டும் வெறுமையாகப் போயின. ஆனால் கல்வெட்டில் பாட்டுகள் என்று ஒரு பகுதி உண்டு. அதை அச்சுக்கு முன்னால் எழுதியவனைத் தவிர ஒருவரும் படிப்பதில்லை என்பது அறுபத்து மூன்று கல்வெட்டு எழுதியவருக்குத் தெரியாதா?

அந்தியேட்டி இரவிச்சந்திரன் வீட்டு நிலவறையில் நடந்தது. பங்குனி மாதத்து ஞாயிறு, வெளியே பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. ஐயர் கிரியை முடித்து எழும்ப, நூற்றுச் சொச்சம் பேருக்குப் புத்தகம் கொடுத்தார்கள். ஒட்டாவாக்காரர் முன்வரிசையில் இருந்தார். மெலிந்த மனுசன், மூக்குக் கண்ணாடி. எல்லாரும் எதிர்பார்த்தபடி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் விரித்தார். வெறும் பெட்டிகள் இரண்டையும் அவர் விரலால் தொட்டுப் பார்த்ததை மாஸ்டர் கண்டார். செல்வமலர் சமையலறைப் படியில் பெண்களோடு இருந்தார்.

மாஸ்டர் வரலாற்றை வாசித்தார். அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. மனைவி புலம்பல் வாசித்தார். ஒரு பக்கம் திருப்பினார்.  இதற்குப் பிறகு மொன்றியலில் ஒருவரும் தன்னிடம் கல்வெட்டுக் கேட்டு வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே தலைப்பை வாசித்தார்.

"மகன் புலம்பல்."

கூட்டத்தில் ஒரு அசைவு. பிள்ளை இல்லாதவருக்கு மகன் எங்கிருந்து வந்தான் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாஸ்டர் நிறுத்தவில்லை.

தோளிலே தூக்கி வந்தாய் சுடுமணல் பொறுத்து நின்றாய்
நாளிலே மூன்று பங்காய் நல்லநீர் பகிர்ந்து வைத்தாய்
ஆளென ஆக்கி விட்டாய் அண்ணனே தந்தை யானாய்
தாளிலே உன்றன் வாழ்வைத் தவறவே விட்டேன் ஐயா.

 இரவிச்சந்திரன் கிரியைக்குப் போட்ட பூணூலும் ஈர வேட்டியுமாக ஐயருக்குப் பக்கத்தில் இருந்தவர், எழும்பினார். அடிக்கப்போகிறார் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். அடி வாங்கவும் தயாராக இருந்தார். அந்த மனுசன் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, நாற்பத்தேழு வயது எஞ்சினியர், சின்னப்பிள்ளை மாதிரி விம்மினார். தாட்சாயினி ஓடிவந்து பிடித்தாள்.

"இந்தப் புத்தகம் பொய்" என்றார் இரவிச்சந்திரன், முகத்தைத் துடைத்துவிட்டு. "அண்ணை ஒரு திணைக்களத்திலையும் இருக்கேல்லை. நானும் விடுதியிலை நிண்டு படிக்கேல்லை. எங்களுக்கு வீடில்லை. மணலிலை குடிசை போட்டு அண்ணையும் அண்ணியும் என்னை வளத்தவை. தண்ணி காணாத நாளிலை தங்கடை பங்கைக் குடிச்சமாதிரிக் காட்டிப்போட்டு எனக்கு விட்டவை. நான் கண்டனான். கண்டும் குடிச்சனான்."

செல்வமலர் படியிலிருந்து எழும்பி வந்தார். "காணும் ராசா. இரு" என்றார்.

"காணாது அண்ணி." அவர் சுற்றிப் பார்த்தார். "ஆரிட்டையாவது பேனை இருக்கோ?"

ஐயரின் பேனா வந்தது. தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, கையில் இருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து, வெறும் பெட்டிகளில் எழுதினார். சூசைப்பிள்ளை. யோசெப்பின். பாலத்துக்குப் படம் கீறுகிறவரின் நேரான எழுத்து. அந்தப் புத்தகத்தைத் தாட்சாயினியிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். விளங்கிக்கொண்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்களிடம் புத்தகங்களைத் திருப்பி வாங்கி ஒவ்வொன்றாக விரித்துக் கொடுத்தாள்.

நாலைந்து புத்தகம் போன பிறகு ஒட்டாவாக்காரர் எழும்பினார். முழு நிலவறையும் அவரைப் பார்த்தது. மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறப் போகிறார் என்றுதான் இரவிச்சந்திரனின் மனைவி நினைத்திருப்பார், நெஞ்சில் கையை வைத்துவிட்டார். அந்த மனுசன் வந்து குனிந்து தன் புத்தகத்தை நீட்டினார்.

"இதிலையும் எழுதித் தாங்கோ. மிச்சக் கதையைச் சாப்பிட்டாப் பிறகு கதைப்பம்."

அவர் அதை நல்லதாகச் சொன்னாரா கெட்டதாகச் சொன்னாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரவிச்சந்திரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கினார். பெயர்கள் இரண்டையும் எழுதினார். புத்தகத்தை மூடப்போனவர் மூடாமல், பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தியாகலிங்கம், செல்வமலர் என்ற இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தார். கோட்டின் அடியில் ஒரு பெட்டி கீறி, அதற்குள் தன் பெயரை எழுதினார்.

மாஸ்டர் அதைப் பார்த்தார். பக்கத்தில், தம்பி என்ற இடத்தில், இரவிச்சந்திரன் என்ற பெயர் ஏற்கெனவே அச்சில் இருந்தது. வம்சாவளியில் ஒரே ஆள் இரண்டு பெட்டியில் இருப்பது பிழை. அறுபத்து மூன்று கல்வெட்டிலும் அப்படி ஒரு பிழை விட்டதில்லை என்று பெருமைப்படுகிறவர் அவர். செல்வமலரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், எழுத்துக்கூட்டி வாசிக்கிற அந்த அம்மாவுக்காக அந்தப் பெட்டியில் இருந்ததை மெல்ல வாசித்துக் காட்டினார், திருத்தாமல் விட்டார்.